நாலு நாள் வாசற்படி

சண்முகராசாவுக்கு விடுமுறை என்றாலே பிடிக்காது. டென்மார்க்கில் பதின்மூன்று வருசம், லண்டனில் இருபது வருசம். இத்தனை காலத்தில் மனுசன் ஒரு கிழமை சேர்ந்தாற்போல வீட்டில் கிடந்தது முதுகு பிடித்துக்கொண்டபோது மட்டும்தான். மற்றவர்களின் வீடுகளில் சமையலறை அலுமாரிகளைப் பொருத்தி, குசினி பூட்டிக் கொடுக்கிற வேலை. அப்படிப்பட்டவர், மே மாதக் கடைசியில், எசெக்ஸ் கடற்கரையில் இருக்கிற ஒரு ஹொலிடே காம்புக்கு நாலு நாள் போகச் சம்மதித்தார் என்றால் அதற்குக் காரணம் கடலுமில்லை, காற்றுமில்லை. தங்கச்சிக்குக் கலியாண அழைப்புச் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

தங்கச்சி சுசிலா இருப்பது லண்டனின் ஒரு கோடியில், ஃபாரஸ்ட் கேட்டில். இவர் இருப்பது மறுகோடியில், கிங்ஸ்பரியில். ரெயிலில் ஏறினால் ஒன்றேகால் மணித்தியாலம். ஒரு அழைப்பிதழைக் கொடுக்க அதைவிட்டு ஏன் கடற்கரைக்குப் போகவேண்டும் என்று கேட்பீர்கள். மனுசன் சத்தியம் பண்ணி வைத்திருக்கிறார், அதுதான் கோளாறு.

பதினொரு வருசத்துக்கு முன் சுசிலாவின் மகள் தாரகா பெரியபிள்ளையானாள். சாமத்தியவீடு வைத்தார்கள். எங்கள் ஆட்களிடையே இதற்கெல்லாம் தாய்மாமனுக்குத்தான் முதற்சொல். அதுவும் வீட்டுக்கு நேரே போய், முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். சுசிலாவின் புருசன் விமலநாதனோ இரண்டு ஷிப்டுக்கு நடுவில் போனில் சொல்லிவிட்டான். பாவம், அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. சண்முகராசாவுக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வேலைக்கு ஓட்டுகிற வானை எடுத்துக்கொண்டு ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனார். வரமாட்டேன் என்று சொல்வதற்காக லண்டனைக் குறுக்கே கடந்து போன ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

வாசலில் நின்றபடியே சத்தம் போட்டார். "தாய்மாமனை ரெலிபோனிலயோ கூப்பிடுறியள்? நான் என்ன, காஸ் மீற்றர் பாக்க வாறவனோ? இனி ஆர் செத்தாலும் இந்த வாசற்படி மிதிக்கமாட்டன்."

கோபத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லுவார்கள். அடுத்த கிழமை அதை விழுங்கிவிட்டுப் போய்ச் சோறு தின்பார்கள். சண்முகராசா அந்த ரகமில்லை. சொன்னது சொன்னதுதான். நாலு குளிர்காலத்துக்கு முன் விமலநாதனே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். மச்சானுடைய உடலை எரிக்கிற இடத்துக்கு இவர் போனார், கடைசி வரிசையில் நின்றார், ஒருவரோடும் பேசாமல் திரும்பினார். வீட்டுக்குப் போகவில்லை. பெண்சாதி யோகராணி மட்டும்தான் எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவுக்குப் போய் வந்தாள்.

இப்போது மகள் றொஷானிக்குக் கலியாணம். மாப்பிள்ளை லண்டனிலேயே சட்டன் பக்கம். ஆடி பிறக்கமுதல் நாள் வைத்தாயிற்று. முந்நூறு அழைப்பிதழில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது போய்விட்டது. சுசிலாவுக்கானது மட்டும் ஃபிரிட்ஜுக்கு மேலே கிடந்தது.

"அப்பா, மாமிக்கு எப்ப சொல்லப் போறியள்?" என்று றொஷானி கேட்டாள்.

"நீ போன் எடுத்துச் சொல்லன்."

"போனிலயோ? நீங்கள் அண்டைக்கு என்னத்துக்குச் சண்டை பிடிச்சனீங்கள்?"

தானே வெட்டிய குழியில் தானே நிற்கிறோம் என்பது சண்முகராசாவுக்கு நன்றாகத் தெரிந்தது. போனில் சொன்னால் அது அழைப்பே இல்லை என்று ஊருலகத்துக்கு அறிவித்தவர் அவர். நேரே போனால் சத்தியம் போச்சு. யோகராணியை அனுப்பலாம் என்றால், கூடப்பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது பெண்சாதியை மட்டும் அனுப்புவது இன்னும் கேவலம்.

றொஷானி விடவில்லை. டென்மார்க்கிலிருந்து வந்த புதிதில் இவர்கள் மூன்று பேரும் பதினாலு மாதம் சுசிலாவின் வீட்டில்தான் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். இங்கிலிஷ் ஒரு சொல் தெரியாத எட்டு வயதுப் பிள்ளையைத் தலையிழுத்துப் பின்னிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது மாமி. வாசலில் பிள்ளை அழுதால் தானும் நின்று அழுததும் மாமிதான். "மாமி வராத கலியாணம் எனக்கு வேண்டாம் எண்டு சொல்லமாட்டன், ஹோலுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. ஆனா மாமி இல்லாட்டி நான் அண்டைக்குச் சிரிக்கமாட்டன். வீடியோவில நீங்களே பாருங்கோ" என்றாள். சொன்னால் செய்யக்கூடியவள். அப்பனுடைய மகள்தானே.

அந்தப் பிள்ளைக்கு வேலை ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில். வீடு விற்பவர், வாங்குபவர்களின் பத்திரங்களைப் பார்க்கிற பிரிவு. எது யாருடைய வீடு என்று நாள் முழுக்கப் பார்க்கிறவளுக்கு ஒரு வழி தோன்றியதில் வியப்பில்லை. ஒரு சனிக்கிழமை காலை மடிக்கணினியைக் கொண்டுவந்து அப்பனுக்கு முன்னால் வைத்தாள்.

"இது ஹொலிடே காம்ப். வரிசையா சின்னச் சின்ன வீடு, சலே எண்டு சொல்லுறது. செல்ஃப் கேட்டரிங். சாப்பாடு அவை தரமாட்டினம், நாங்களே சமைக்கிறது. நாங்கள் ஒண்டு எடுக்கிறம். மாமியும் தாரகாவும் ஒண்டு எடுக்கினம், மாமியின்ர பேரிலயே."

"அதுக்கு?"

"அது மாமியின்ர வீடில்லை அப்பா. நாலு நாளைக்கு வாடகைக்கு எடுத்தது. நீங்கள் மிதிக்கமாட்டன் எண்டது ஃபாரஸ்ட் கேட் வாசற்படியை. அதை மிதிக்கத் தேவையில்லை. ஆனா அந்த நாலு நாளும் மாமி இருக்கிறது அங்கதான். மாமியின்ர அடுப்பு, மாமியின்ர சட்டி. அங்க போய்ச் சொன்னால் நேரே போய்ச் சொன்ன மாதிரித்தானே?"

சண்முகராசா தாடையைத் தடவினார். உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது மனுசனுக்கு. சத்தியமும் பிழைக்கும், தங்கச்சியும் வருவாள். பிள்ளையைப் படிப்பித்த காசு வீண்போகவில்லை என்று நினைத்தார். வெளியே மட்டும், "ஏதோ உங்கட விருப்பத்துக்குச் செய்யுங்கோ" என்று பத்திரிகையைப் பிரித்துக்கொண்டார். சுசிலாவுக்கும் எல்லாம் சொல்லித்தான் கேட்டாள் றொஷானி. மறுமுனையிலிருந்து "சரி பிள்ளை, வாறன்" என்று மட்டும் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள். வானுக்குள் பத்துக் கிலோ அரிசி, மிளகாய்த்தூள், குக்கர், இடியப்ப உரல், ஐஸ்பெட்டியில் வெட்டிய பாரைமீன். நாலு நாளைக்கு மூன்று பேருக்கு இவ்வளவும் எதற்கென்று கேட்டால் யோகராணிக்குக் கோபம் வரும். வரவேற்பு அறையில் சலேயின் திறப்புச் சாவியைத் தந்த பெட்டை எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினாள்: தட்டு நாலு, முள்ளுக்கரண்டி நாலு, போர்வை உண்டு, குளித்துத் துடைக்கத் துவாய் கிடையாது. நீச்சல் குளம் எட்டுக்கு மூடும். பின்னேரம் கிளப்பில் பிங்கோ. சண்முகராசா ஒன்றையும் காதில் வாங்கவில்லை. சலேக்குள் நுழைந்ததும் குசினி அலுமாரிக் கதவு ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்த்தார்.

"பிணைச்சல் தரமில்லை. ஆரோ விசரன் பூட்டியிருக்கிறான்" என்றார்.

"நீங்கள் பாத்த எந்தக் குசினி உங்களுக்குத் தரமா இருந்தது?" என்றாள் யோகராணி.

எதிர்வரிசையில், புல்லுக்கு அந்தப் பக்கம், நாற்பது அடி தள்ளி சுசிலாவின் சலே. முன்னால் ஒற்றைச் சீமெந்துப் படி. அவள் பின்னேரம் குப்பை போட வெளியே வந்தாள். அந்த நேரம் பார்த்து இவரும் குப்பைப் பையோடு போனார். இருவரும் ஒரே தொட்டியடியில் நின்றார்கள். சுசிலாவின் தலை முன்பக்கம் முழுக்க நரைத்திருந்தது. மை பூசுவதை விட்டுவிட்டாள் போலிருக்கிறது. இவர் தலையசைத்தார். அவளும் அசைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. சலேக்குத் திரும்பி வந்தவர் கனநேரம் கையைக் கழுவிக்கொண்டு நின்றார். அந்த நரை அவரை என்னவோ செய்துவிட்டது.

"இண்டைக்கே போய்ச் சொல்லுவம்" என்றாள் யோகராணி.

"வெள்ளிக்கிழமை வந்த களையோட ஆரும் கலியாணம் சொல்லுவினமோ?"

சனிக்கிழமை, "சனியில நல்ல காரியம் தொடங்கக்கூடாது" என்றார். பெண்சாதியும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது. பக்கத்துச் சலே வெள்ளைக்காரக் குடும்பம் மழைக்குள்ளேயே கட்டைக் காற்சட்டையோடு ஐஸ்கிறீம் வாங்கப் போனது. சண்முகராசா ஜன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு எதிர்வாசலையே பார்த்தபடி இருந்தார். மத்தியானம் தாரகா குடை பிடித்துக்கொண்டு ஓடிவந்து ஒரு சட்டியை நீட்டினாள். "அம்மா தந்துவிட்டவ. நண்டுக் குழம்பு" என்று சொல்லிவிட்டு, மாமாவின் முகத்தைப் பார்க்காமலே ஓடிவிட்டாள். இந்தப் பிள்ளையின் சடங்குக்குத்தானே போகாமல் விட்டேன் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. குழம்பில் முருங்கையிலை போட்டிருந்தது, அவர்களுடைய அம்மா வைக்கிற பக்குவம். மூன்று தடவை சோறு போட்டுத் தின்றார்.

"எப்பிடி?" என்று கேட்டாள் யோகராணி.

"உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார் மனுசன், சட்டியை வழித்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சாட்டும் கிடைக்கவில்லை. வானம் வெளித்திருந்தது. யோகராணி நல்ல நேரமும் பார்த்துவிட்டாள், பத்தே முக்காலிலிருந்து பன்னிரண்டு. தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமம், நடுவில் அழைப்பிதழ். சண்முகராசா இஸ்திரி போட்ட சேட்டும், காலில் பளபளவென்று மினுக்கிய சப்பாத்துமாக வெளிக்கிட்டார். பட்டுச்சேலை கட்டிய பெண்சாதி பக்கத்தில், மகள் பின்னால். புல்லில் பந்தடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தன. நாற்பது அடி. கிட்டப் போனதும் படியைப் பார்த்தார். இது அவளுடைய வாசற்படி இல்லை, வாடகைப் படி என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டு ஏறினார்.

கதவு திறந்துதான் இருந்தது. சுசிலா அடுப்படியில் நின்று வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். தாரகா சோபாவில் இருந்து எழும்பினாள்.

சண்முகராசா தொண்டையைச் செருமினார். ஒரு கிழமையாக வானுக்குள் சொல்லிப் பழகியது ஒரே மூச்சில் வந்தது. "சுசிலா, மகள் றொஷானிக்குக் கலியாணம். ஆனி இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை. நீ பிள்ளையோட முதல்நாளே வந்து, நிண்டு நடத்தித் தரவேணும்."

யோகராணி தட்டத்தை நீட்டினாள். சுசிலா அடுப்பை நிறுத்தினாள், கையைத் துடைத்தாள். தட்டத்தை வாங்கவில்லை.

"ஒண்டு கேக்கட்டோ அண்ணை?"

"கேள்."

"இது ஆற்ற வீடு?"

சண்முகராசா மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "உன்ர வீடுதான். நீதானே இருக்கிறாய்" என்றார்.

"என்ர வீடெண்டால் நீங்கள் என்ர வாசற்படியை மிதிச்சிட்டியள். சத்தியம் போச்சு."

"இல்லை, அது… இது வாடகைக்கு எடுத்த இடமெல்லோ. நாளைக்குத் திறப்பைக் குடுத்திட்டுப் போயிடுவாய்."

"அப்ப என்ர வீடில்லை. எனக்கு வீட்டுக்கு வந்து சொல்லேல்லை. காம்பில கண்ட இடத்தில சொன்னனீங்கள். நான் ஏன் வரவேணும்?"

றொஷானி முன்னால் வந்து, "மாமி, நான் சொல்லுறன், அது என்னெண்டால்…" என்று தொடங்கினாள்.

"நீ சும்மா இரு பிள்ளை. உனக்கு எல்லாத்துக்கும் ஒரு வழி தெரியும். நல்லாப் படிச்சிருக்கிறாய், சந்தோசம். நான் அண்ணையைக் கேக்கிறன்." சுசிலா குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் வருவியள் எண்டுதான் நானும் வெளிக்கிட்டு வந்தனான். வெள்ளிக்கிழமை பாத்தன், சனிக்கிழமை பாத்தன். எனக்கும் வாய் வரைக்கும் வந்தது, சரியெண்டு வாங்கிக்கொள்ளுவம், றொஷானியின்ர முகத்துக்காக. ஆனா ஏலாமக் கிடக்கு."

"சுசிலா, பழசை ஏன் இப்ப…"

"அவர் செத்தது மார்கழியில. எட்டுச் செலவண்டு முன்கதவைத் திறந்து வைச்சிருந்தன். வந்த சனமெல்லாம் குளிருது, சாத்து சாத்து எண்டுதுகள். நான் சாத்தேல்லை. சாத்தியிருந்தால் நீங்கள் பெல் அடிக்கவேணும். உங்களுக்குப் பெல் அடிக்க மனம் வராது எண்டு எனக்குத் தெரியும். அதுக்காகத்தான் திறந்து வைச்சிருந்தனான். இருட்டுமட்டும் பாத்தன் அண்ணை. மச்சாள் மட்டும்தான் வந்தவ."

வெளியே பந்து சுவரில் அடிபடும் சத்தம் கேட்டது. தாரகா தாயின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வந்தனான்" என்றார் சண்முகராசா.

"எங்க வந்தனீங்கள்?"

"தெருமுனைக்கு. இவளை இறக்கிவிட்டிட்டு வேலைக்குப் போறன் எண்டு சொன்னனான். போகேல்லை. திருப்பி வந்து மூலையில வானை நிப்பாட்டிப்போட்டு உள்ளுக்கே இருந்தன். கதவு திறந்து கிடந்தது தெரிஞ்சது."

யோகராணி தட்டத்தோடு சேர்ந்து அப்படியே திரும்பி அவரைப் பார்த்தாள். இந்த நாலு வருசமும் ஒரே கட்டிலில் படுத்த மனுசிக்கு இது இப்போதுதான் தெரிகிறது.

"எவ்வளவு நேரம் இருந்தனீங்கள்?" என்று சுசிலா கேட்டாள்.

"மூண்டு மணித்தியாலம். பார்க்கிங் பாக்கிறவன் தண்டக் கடுதாசியும் ஒட்டிப்போட்டுப் போனான், அந்த இடம் அங்க குடியிருக்கிற ஆக்களுக்கு மட்டுமாம்." அதைச் சொல்லிவிட்டுத் தங்கச்சியைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தார். "இறங்குவம் எண்டு ரெண்டுதரம் கதவைத் திறந்தன். ஆர் செத்தாலும் எண்டு சொல்லிப்போட்டன். சொல்லாமல் விட்டிருந்தால் இறங்கியிருப்பன். என்ர வாயாலதான் கெட்டன் சுசிலா."

சுசிலாவின் முகம் கோணியது. அழப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் அழவில்லை. நேரே அண்ணனைப் பார்த்தாள்.

"சரி. இப்பவும் அதைத்தான் கேக்கிறன். வக்கீல் கதை வேண்டாம். ரெண்டும் ஒண்டாக் கிடையாது, ஒண்டைத்தான் எடுக்கலாம். இது ஆற்ற வீடு?"

சண்முகராசா சுற்றிப் பார்த்தார். அடுப்பில் தங்கச்சியின் தாச்சி. ஜன்னலோரம் ஜாம் போத்தலில் அவள் வீட்டுத் தூள். கதிரை முதுகில் காயப்போட்ட துவாய். வெங்காயமும் கருவேப்பிலையும் சேர்ந்த வாசம். பதினாலு மாதம் அவர் காலையில் கண்விழித்த வீட்டின் வாசம் இதுதான். தன்னுடைய சொல்லைக் காப்பாற்றினேன் என்று பதினொரு வருசம் நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறார். அந்தச் சொல்லால் யாருக்கு என்ன கிடைத்தது என்று இன்றைக்குத்தான் யோசித்துப் பார்த்தார். ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு பெண் குளிரில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்ததுதான் மிச்சம்.

"உன்ர வீடு" என்றார். இன்னொரு தரம் சொன்னார். "உன்ர வீடுதான் சுசிலா. நான் மிதிச்சிட்டன்."

சுசிலா இரண்டு கையாலும் தட்டத்தை வாங்கினாள். குங்குமத்தைத் தொட்டு றொஷானியின் நெற்றியில் வைத்தாள். றொஷானி மாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். அவளுடைய தலைக்கு மேலால் சுசிலா அண்ணனின் காலைப் பார்த்தாள்.

"என்ர வீடெண்டால் என்னத்துக்குச் சப்பாத்தோட நிக்கிறியள்?" என்றாள். "கழட்டிப்போட்டு வாங்கோ. சாப்பிடலாம்."

சண்முகராசா திரும்பிப் போய், அந்தச் சீமெந்துப் படியில் குந்தி, அழுதுகொண்டே சப்பாத்து நாடாவை அவிழ்த்தார்.